பரிசல் கவிழ்ந்தால் என்ன செய்வது?

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் விவேக்நகரிலிருந்தும் வேன்கள் புறப்பட்டுவிடும். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பாட்டி முதல் பேரன் வரை ஏறிக்கொண்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்ச் சேருவார்கள். பெங்களூர்த் தமிழர்களுக்கு இது ஒரு பழக்கம். கர்நாடகத்தில் பார்த்த அதே காவிரியைத் தமிழ்நாட்டு மண்ணில் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதில் ஒரு திருப்தி.

அங்கே போனதும் எண்ணெய் தேய்ப்பு, அருவிக் குளியல், வறுத்த மீன். அதற்குப் பிறகு பரிசல்.

பரிசல் துறையில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ரேட்டு?" என்பது. இரண்டாவது கேள்வி, "எல்லாரும் ஒரே பரிசலில் போக முடியாதா?" என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு. "இது கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும்?"

நல்ல நாளில் அபசகுனமாகப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தண்ணீர் விளையாட்டில் பயிற்சி பெறுகிறவர்கள் அப்படி நினைப்பதில்லை.

கவிழ்வதே முதல் பாடம்

கயாக் என்று ஒரு படகு உண்டு. நீளமாக, ஒல்லியாக, ஒருவர் அல்லது இருவர் உட்காருமளவுக்கு இருக்கும். இரண்டு பக்கமும் தகடு வைத்த ஒரே துடுப்பால் வலது, இடது என்று மாறி மாறி வலிப்பார்கள். வடதுருவப் பகுதியின் எஸ்கிமோ மக்கள் கடல்நாய் வேட்டைக்காகத் தோலால் கட்டிய படகு இது. 1936-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் போட்டியிலும் கயாக் இடம்பெற்றிருக்கிறது. நமக்குப் பக்கத்தில், காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி முகாமிலும், வடகர்நாடகத்தில் காளி நதி ஓடும் தாண்டேலியிலும் இப்போது சுற்றுலா வருகிறவர்கள் கயாக் ஓட்டுகிறார்கள்.

இந்தப் படகு எளிதில் கவிழும். அதனால் முறையாகச் சொல்லித்தரும் இடங்களில், துடுப்பு வலிக்கப் பழகும்போதே கவிழவும் பழக்கிவிடுகிறார்கள். அலையில்லாத, ஆழம் குறைந்த தண்ணீரில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, மாணவன் வேண்டுமென்றே படகைக் கவிழ்க்க வேண்டும். தலைகீழாகத் தண்ணீருக்குள் போய், பதறாமல் படகிலிருந்து வெளியே வந்து, படகைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்க வேண்டும். இதை நாலைந்து தடவை செய்தபின்தான் ஆற்றுக்கு அழைத்துப் போவார்கள்.

காரணம் எளிது. படகு கவிழ்வது ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. கவிழ்வதற்கு முன்னால் என்ன செய்தோம், கவிழ்ந்த முதல் நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும்.

கயாக் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பாடம் கிடைத்துவிடுகிறது. பரிசலில் ஏறும் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எனவே அதை இங்கே பார்ப்போம்.

வட்டத் தட்டு ஏன் சாய்கிறது?

பரிசல் மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய ஒரு பெரிய கூடை. முன்காலத்தில் அடியில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். பின்னர் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. பரிசல்காரர் ஒருவரே அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு பாறைமேல் நடந்துவிடுவார், அவ்வளவு லேசு. அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பாறைக்கு மேலே தட்டாமல் போகும். காவிரிக்கென்றே அமைந்த ஓடம் அது. கன்னடத்தில் இதைத் தெப்பம் என்றும் அரிகோலு என்றும் சொல்வார்கள்.

ஆனால் அதன் பலமே அதன் பலவீனம். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. தண்ணீரைப் பிளந்து நிற்கும் அடிக்கட்டையும் கிடையாது. உள்ளே இருக்கும் எடை நடுவிலும் தாழ்விலும் இருக்கும்வரை அது தட்டு மாதிரி மிதக்கும். எடை ஓரத்துக்கோ மேலுக்கோ போனால் அந்தப் பக்கம் சாயும்.

வீட்டில் ஒரு பெரிய தாம்பாளத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். நடுவில் நாலு உருளைக்கிழங்கு வைத்தால் ஆடாமல் நிற்கும். அவற்றை ஒரே ஓரத்துக்குத் தள்ளினால் தண்ணீர் ஏறிவிடும். உயரமான ஒரு டம்ளரைத் தாம்பாளத்தில் நிறுத்தினால் சின்ன ஆட்டத்திலேயே விழுந்துவிடும். பரிசலில் ஒருவர் எழுந்து நிற்பதும் அந்த டம்ளரைப் போலத்தான்.

ஆறு சம்பவங்கள், ஆறு பாடங்கள்

படகு விபத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். புயலடித்துக் கவிழ்ந்தவற்றைவிட, அமைதியான தண்ணீரில், மனிதர்கள் செய்த சாதாரணத் தவறுகளால் கவிழ்ந்தவை நிறைய.

2002 ஜூலை 27. கேரளத்தில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்த அரசுப் படகு வேம்பநாட்டு ஏரியில் மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் புறப்பட்ட இளைஞர்கள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்ற அவசரத்தில் எல்லோரும் ஒரே படகில் ஏறியிருந்தார்கள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு. கரையில் காட்டு மிருகங்கள் தென்பட்டதும், பார்க்கும் ஆசையில் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள். படகு சாய்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அவர்களிடம் உயிர்காப்பு ஜாக்கெட் இல்லை.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டில் உற்றார் உறவினராகச் சேர்ந்து ஒரே மீன்பிடிப் படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள்.

2019 ஜனவரி 21. நமது கர்நாடகத்தின் கார்வார். கூர்மகட் தீவில் நரசிம்ம சாமி திருவிழாவுக்குப் போய்த் திரும்பியவர்களின் படகு கவிழ்ந்து 16 பேர் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தார்கள்.

2023 மே 7. கேரளத்தின் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, பொழுது சாய்ந்தபின் புறப்பட்டுக் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள்.

2024 ஜனவரி 18. குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா. 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் இருந்த எல்லோருக்கும் ஜாக்கெட் தரப்படவில்லை.

இடம் வேறு, படகு வேறு. காரணங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அவையேதான்: அளவுக்கு மீறிய ஆட்கள், ஒரு பக்கம் சேர்ந்த கூட்டம், போடாத ஜாக்கெட், இருட்டிய நேரம். இந்த நான்கையும் கரையிலேயே தடுத்துவிட முடியும் என்பதைக் கவனியுங்கள்.

வானத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒகேனக்கல்லில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். ஏனென்றால் அந்தத் தண்ணீர் அங்கே பெய்த மழையல்ல. குடகு மலையில் பெய்த மழை கிருஷ்ணராஜசாகர் அணைக்கும், வயநாட்டில் பெய்த மழை கபினி அணைக்கும் வருகிறது. அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் டி. நரசிபுரத்தில் கலந்து, சிவனசமுத்திரத்தில் விழுந்து, கனகபுரத்துக்கு அப்பால் சங்கமத்தில் அர்க்காவதியையும் சேர்த்துக்கொண்டு, மேகதாதுப் பாறை இடுக்கைக் கடந்து, பிலிகுண்டு வழியாக ஒகேனக்கல்லை அடைகிறது. பெங்களூரின் மேற்குப் பகுதியில் கொட்டும் மழைகூட விருஷபாவதி, அர்க்காவதி வழியாக அங்கே போய்ச் சேருகிறது.

ஆடிப்பெருக்கு வருவது ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம். நாம் ஆற்றுக்குப் போக ஆசைப்படும் நாளும், ஆறு மிகவும் முரடாக இருக்கும் நாளும் ஒன்றாகவே வருகின்றன.

பிலிகுண்டுவில் மத்திய நீர் ஆணையத்தினர் நீரின் அளவைக் கணக்கெடுக்கிறார்கள். "ஒகேனக்கல்லுக்கு விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர்வரத்து" என்று பத்திரிகையில் வருவது அந்த வகைக் கணக்குதான். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். விநாடிக்கு 10 ஆயிரம் கன அடி என்றால் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 10 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 28 லாரித் தண்ணீர், ஒவ்வொரு விநாடியும்! வெள்ள காலத்தில் நீர்வரத்து லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். நேற்று நின்று குளித்த இடத்தில் இன்று நிற்க முடியாமல் போவது இதனால்தான்.

எனவே பெங்களூரில் வேன் பேசுவதற்கு முன்பே நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். நீர்வரத்து கூடும்போது தர்மபுரி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை போடும். தடை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தனியாக யாராவது பரிசல் விடுவார்களா?" என்று விசாரிக்காதீர்கள். தடை போட்ட நாளில் திருட்டுத்தனமாகப் போகும் பரிசலுக்கு உதவி செய்யக் கரையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஏறுவதற்கு முன்

ஜாக்கெட் இல்லாத பரிசலில் ஏறாதீர்கள். மனித உடல் தண்ணீரில் ஏறக்குறைய மிதக்கும் நிலையில்தான் இருக்கிறது. மூக்கையும் வாயையும் மட்டும் வெளியே வைத்திருக்கக் கொஞ்சம் உதவி வேண்டும். அந்த உதவியைத்தான் ஜாக்கெட் செய்கிறது. நீச்சல் தெரிந்தவருக்கும் ஜாக்கெட் தேவை. பாறையில் தலை மோதி நினைவு தப்பினால் நீச்சல் உதவாது.

ஜாக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டால் போதாது. எல்லாப் பூட்டுகளையும் போட்டு, வார்களை இழுத்துக் கட்டுங்கள். பிறகு ஒரு சோதனை: பக்கத்தில் இருப்பவரை உங்கள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது முகவாய்க்கு மேலே ஏறினால் தளர்ச்சியாக இருக்கிறது என்று பொருள். தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியே கழன்றுவிடும்.

பெரியவர்களின் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவது ஆபத்து. பிள்ளை கீழே நழுவிவிடும். அளவான ஜாக்கெட் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையைப் பரிசலில் ஏற்றாதீர்கள். கைக்குழந்தைக்கும் இதுவே விதி. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பார்கள். பரிசல் புரளும்போது மடி எங்கே இருக்கும்?

பரிசல் ஒன்றுக்கு இத்தனை பேர் என்ற கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். பரிசல்காரரிடம் "குழந்தைதானே, சேர்த்துக்கோ அண்ணே" என்று கெஞ்சாதீர்கள். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. வந்த சவாரியை விட மனம் வராது. நாமே வற்புறுத்தி அவரைத் தவறு செய்ய வைக்கக்கூடாது.

இங்கே மாதச் சம்பளக்காரரின் சங்கடம் தெரிகிறது. வேன் வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் கொடுத்தபின் இரண்டாவது பரிசலுக்குப் பணம் கொடுப்பது உறுத்தும். அப்படியானால் பாதிப் பேர் கரையில் இருந்துகொள்ளட்டும். மீன் வறுவல் ஒரு தட்டுக் குறையட்டும். இரண்டாவது பரிசலின் வாடகை செலவுக் கணக்கில் மிச்சம் பிடிக்கக்கூடிய இனம் அல்ல.

உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஏறுங்கள். எண்ணெய்க் கை எதையும் பிடிக்காது. பெண்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். மது அருந்தியவர், அவர் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும், கரையோடு நிற்கட்டும்.

பரிசலுக்குள்

பரிசல்காரர் காட்டிய இடத்தில், அடித்தட்டில், முதுகை வெளிப்பக்கமும் காலை நடுப்பக்கமும் வைத்து உட்காருங்கள். கனமானவர்கள் எதிரெதிராக உட்கார வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் பின் ஒருவராக, குனிந்தபடி, நடுவில் கால் வையுங்கள்.

அருவி தெரிகிறது என்று எல்லோரும் ஒரு பக்கம் சாயக்கூடாது. தேக்கடியை நினைத்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் திருப்பினால் அருவி தெரியும். போட்டோவுக்காக ஜாக்கெட்டைக் கழற்றுவதும், எழுந்து நிற்பதும், இடம் மாறி உட்காருவதும் கூடவே கூடாது. கரையில் இறங்கியபின் வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பரிசலைப் பம்பரம் மாதிரி சுற்றிக் காட்டும்படி சிலர் கேட்பார்கள். சுற்றும்போது தலை கிறுகிறுத்து ஒருவர் மற்றவர்மேல் சாய்வார். அந்த வேடிக்கை வேண்டாம். தண்ணீர் உள்ளே தெறித்தால் கூச்சலிட்டு எழாதீர்கள். பரிசல்காரர் தமிழில் "உட்காரு" என்றாலும், கன்னடத்தில் "கூத்கொள்ளி" என்றாலும் உடனே கீழ்ப்படியுங்கள். அந்த நேரத்தில் அவர்தான் நம் எல்லோருக்கும் மேலதிகாரி.

கவிழ்ந்துவிட்டால்

இத்தனையும் செய்தும் கவிழலாம். அப்போது கயாக் மாணவனுக்குச் சொல்லித்தரும் பாடங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒன்று: மூச்சை அடக்குங்கள். திடீரென்று தண்ணீரில் விழுந்ததும் வாயைத் திறந்து அலறத் தோன்றும். வாயை மூடிக்கொள்ளுங்கள். ஜாக்கெட் இரண்டு மூன்று விநாடிகளில் உங்களை மேலே கொண்டுவந்துவிடும்.

இரண்டு: தலைக்கு மேல் பரிசல் கவிழ்ந்து இருட்டாக இருந்தால் பயப்படாதீர்கள். கவிழ்ந்த பரிசலுக்குள் பெரும்பாலும் கொஞ்சம் காற்று தங்கும். ஒரு கையால் விளிம்பைத் தேடிப் பிடித்து, அதை மேலே தள்ளியபடி, தலையைத் தாழ்த்தி வெளியே வாருங்கள்.

மூன்று: பரிசலை விட்டுவிடாதீர்கள். மூங்கில் பரிசல் கவிழ்ந்தாலும் மிதக்கும். அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நீந்தப் புறப்பட்டவர்கள் பாதியில் களைத்துப்போவதுண்டு. தனித்தலை ஒன்று தண்ணீரில் தெரிவதைவிட, பரிசலைப் பிடித்த கூட்டம் மீட்க வருகிறவர்களுக்குச் சீக்கிரம் தெரியும். பிள்ளைகளைப் பெரியவர்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: ஓடும் தண்ணீரில் பரிசலுக்கு மேற்புறம், அதாவது தண்ணீர் வரும் திசையில் இருங்கள். கீழ்ப்புறம் இருந்தால் பாறைக்கும் பரிசலுக்கும் நடுவில் நசுங்க நேரும்.

ஐந்து: கைப்பிடி விட்டுப்போனால் மல்லாந்து மிதந்து, கால்களை ஆறு போகும் திசையில், பாதங்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி நீட்டிக்கொள்ளுங்கள். பாறை வந்தால் முதலில் பாதம் தாங்கும், தலை தப்பும்.

ஆறு: வேகமாக ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். இது மிக முக்கியம். கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் உங்களைக் குப்புறச் சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவு ஆழத்திலும் இப்படி உயிர் போகும். ஓட்டம் தணிந்த, முழங்காலுக்குக் கீழே ஆழமுள்ள இடம் வந்தபின் நில்லுங்கள்.

ஏழு: கரைக்கு நீந்த வேண்டியிருந்தால் ஆற்றை எதிர்த்து நீந்தாதீர்கள். ஓட்டத்தோடு போனபடியே சாய்வாகக் கரையை நோக்கி நகருங்கள். பரிசல் அருவி முனையையோ பெரும் பாறைகளையோ நோக்கிப் போகிறது என்றால் மட்டும் அதை விட்டுவிட்டு, இப்படிச் சாய்வாக விலகிப் போங்கள்.

செருப்பு, பை, செல்போன் எது மிதந்து போனாலும் போகட்டும்.

கரையில் இருப்பவர்களுக்கு

"அண்ணனைக் காப்பாற்றக் குதித்த தம்பியும் பலி" என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அமுக்கி மேலே வரப் பார்ப்பார். அது அவர் குற்றமல்ல; உயிரின் இயல்பு. கிடைப்பது உங்கள் கழுத்தாக இருந்தால் இரண்டு உயிரும் போகும்.

எனவே குதிக்காமல் உதவுங்கள். முதலில் குச்சி, துடுப்பு, மரக்கிளை எதையாவது நீட்டுங்கள். நீட்டும்போது தரையில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். எட்டாவிட்டால் கயிறு, முடிச்சுப் போட்ட வேட்டி, சேலை, மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது எறியுங்கள். வேனில் தண்ணீர் கொண்டுவந்த கேன் ஓர் ஆளை மிதக்க வைக்கும். அதற்கும் எட்டாவிட்டால் மற்றப் பரிசல்காரர்களைக் கூவி அழையுங்கள்.

சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டி "காப்பாற்றுங்கள்" என்று கத்துவார். உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு வாங்கவே நேரமில்லாதவர் எப்படிக் கத்துவார்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, இருந்த இடத்திலேயே தத்தளிப்பவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே திரும்பிப் பாருங்கள்.

மூச்சு நின்றவருக்கு

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் நெடுநாளாக நடக்கிறது. இதைச் செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்; பொன்னான நேரமும் வீணாகும். அவருக்குத் தேவை காற்று.

ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆம்புலன்சுக்கு அதே எண்தான். மற்றவர், நினைவின்றி இருப்பவரைச் சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால் நெற்றியைப் பின்னால் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி 30 முறை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் வேண்டும். மறுபடி இரண்டு முறை ஊதுங்கள். மறுபடி 30. சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும். மூச்சு வரும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம்.

ஊருக்குத் திரும்பியபின்

இந்தியாவில் ஆண்டுதோறும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்ணீரில் மூழ்கி இறப்பதாக அரசின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குகள் சொல்கின்றன. உலகம் முழுவதும் இந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம். இதைக் குறைக்க வேண்டுமென்றே ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நமக்கு அது ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முந்திய நாள். வேன் பேசும் வாரம்!

நம்மில் பலர் கிராமத்துக் கிணற்றிலும் வாய்க்காலிலும் தானாக நீச்சல் பழகியவர்கள். நம் பிள்ளைகளுக்குப் பெங்களூரில் அந்தக் கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அப்பாவுக்கு நீச்சல் தெரியும், மகனுக்குத் தெரியாது என்பதுதான் இங்கே பல வீடுகளின் நிலைமை. பசவனகுடி நீச்சல் மையம், சதாசிவநகர் கே.சி. ரெட்டி நீச்சல் குளம் போன்ற இடங்களில் சொல்லித்தருகிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். பையன்களோடு பெண்பிள்ளைகளையும் சேருங்கள். கவிழும் படகுக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது.

காவிரி நமக்குக் குடிநீர் தருகிறவள். அவள் மடியில் விளையாடவும் உரிமை உண்டு. உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, போட வேண்டியதைப் போட்டுக்கொண்டு, தடை போட்ட நாளில் விலகியிருந்தால் பரிசல் பயணத்தில் பயம் வேண்டியதில்லை. அடுத்த முறை வேன் புறப்படும்போது குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இந்த விஷயங்களை எல்லோருக்கும் ஒருமுறை சொல்லட்டும். ஓசூர் டோல்கேட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.